ஆறாம் எண் கல்லும் எட்டு இலக்கக் கணக்கும்

கொல்லிமலையின் பைல் நாடு என்னும் பகுதியில் எங்கள் சர்வே முகாம் இருந்த ஓட்டுக் கட்டடத்தின் வராந்தா. மூடுபனி படி வரைக்கும் ஏறி வந்து நின்ற ஒரு காலை. மேசைமீது மடிப்பு மடிப்பாக நீண்ட அச்சுத்தாள். அது பறந்துவிடாமல் இருக்க அதன்மேல் ஒரு பித்தளைத் தூக்குக்குண்டு. மேசைக்குப் பின்னால் எங்கள் மேலதிகாரி. அவருக்குப் பக்கத்தில், நாற்காலி இருந்தும் உட்காராமல், நான். படிக்குக் கீழே ஈரமண்ணில் வெறுங்காலோடு வெள்ளையன்.

வெள்ளையன் அந்த ஊரின் தலைவர்; பெரியதனக்காரர் என்பார்கள். சாமையும் மரவள்ளியும் பயிரிட்டு, பலாமரங்களில் மிளகுக்கொடி ஏற்றி வாழ்ந்தவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். எங்கள் மேலதிகாரியைவிடவும் மூத்தவர். அது அந்த உரையாடலில் எந்தப் பயனையும் தரவில்லை.

"கல்ல எப்ப நகத்தினே?" என்றார் மேலதிகாரி.

"எந்தக் கல்லுங்க?"

"ஆறாம் நம்பர் கல்லு. உன் காட்டு ஓரத்துல நிக்கறது."

"அது நட்ட எடத்துலயே நிக்குதுங்களே."

"மூணடி தள்ளி நிக்குது. நான் சொல்லல. கம்ப்யூட்டர் சொல்லுது."

வெள்ளையன் அச்சுத்தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அவரு எப்பங்க மலைக்கு வந்து பாத்தாரு?" என்று கேட்டார்.

வராந்தா ஓரத்தில் நின்ற பியூன் சிரித்துவிட்டான். வெள்ளையன் சிரிக்கவில்லை. அறியாமையால் கேட்டாரா, அறிந்தே கேட்டாரா என்று எனக்கு இன்றும் தெரியாது. அந்தத் திட்டம் முழுவதிலும் எவரும் கேட்ட கேள்விகளில் ஆகச் சரியானது அதுதான் என்பது மட்டும் தெரியும்.

பத்து நாள் கெடு வைக்கப்பட்டது. குற்றத்தை ஒப்புக்கொண்டு கைநாட்டு வைக்க வேண்டும். இல்லையேல் விஷயம் போலீசுக்குப் போகும்.

ஒரு மலரும் ஒரு பொய்யும்

கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்ட இந்தச் சங்கதியை இந்தத் தொடரில் எழுதும் எண்ணம் எனக்கு இருந்ததில்லை. சென்ற மாதம் எங்கள் பழைய துறையின் ஆண்டுவிழா மலர் ஒன்று தபாலில் வந்தது. வழவழப்பான தாள். முன்பக்கத்தில் இன்றைய அதிகாரிகளின் புகைப்படங்கள். உள்ளே, கொல்லிமலைத் திட்டத்தைப் பற்றி ஒரு கட்டுரை. அதில் ஒரு வரி: மலைவாசி ஒருவர் அளவைக் கல்லைப் பெயர்த்து நகர்த்திவிட்டதால், அக்காலத்திலேயே கம்ப்யூட்டரைக் கொண்டு செய்யப்பட்ட அரிய கணக்கீடு பயனற்றுப்போனது.

எழுதியவருக்கு அந்த நாளில் பால் பற்கள் விழுந்திருக்குமா என்பதே ஐயம். கோப்பில் இருந்ததை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார். கோப்பில் உள்ளது உண்மையா என்று விசாரிக்கும் சிரமத்தை அவர் மேற்கொள்ளவில்லை. நான் உயிரோடிருக்கிறேன். என் முகவரி ஓய்வூதிய அலுவலகத்தில் இருக்கிறது. மலரை அனுப்பத் தெரிந்தவர்களுக்கு ஓர் அஞ்சலட்டை எழுதிக் கேட்கத் தெரியவில்லை.

கல் நகரவில்லை. நான் அந்தத் திட்டத்தின் கணக்கீட்டு அலுவலன். எனக்குத் தெரியாமல் வேறு எவருக்குத் தெரியும்?

என் தகுதியைப் பற்றிச் சில வார்த்தைகள்

தற்பெருமை என்று வாசகர்கள் எண்ண வேண்டாம். கணிதத்தில் ஆனர்ஸ் பட்டம் பெற்றவன் நான். எங்கள் பேராசிரியர் ஒருவர், விடையைவிட விடையில் எத்தனை இலக்கம் நம்பத்தக்கது என்பதைத்தான் முதலில் கேட்பார். "கடைசி இலக்கத்துக்கு நீ ஜாமீன் கொடுப்பாயா?" என்பது அவர் வாய்ப்பாடு. ஜாமீன் கொடுக்க முடியாத இலக்கத்தை எழுதியவனுக்கு அவர் சுழி போடுவார்.

துறையில் சேர்ந்த நாளிலிருந்து ஏழிலக்க மடக்கை அட்டவணையும் கைப்பிடி சுற்றும் கணக்கு எந்திரமுமே என் கருவிகள். அந்த எந்திரத்தைச் சுற்றிச் சுற்றி என் வலது தோள் இடது தோளைவிடச் சற்றுப் பருத்துவிட்டது. தையற்காரர் ஒவ்வொரு முறையும் அதைப் பற்றி ஏதாவது சொல்வார். பத்து ஆண்டுகளில் என் கணக்கு ஒன்றுகூடத் திருப்பி அனுப்பப்பட்டதில்லை. இதை எழுதுவது எனக்கு முக்கியம். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

மலையில் ஓடும் ஒரு நீரோட்டத்தைக் குடைவழியாகத் திருப்பி அடிவாரத்தில் மின்சாரம் எடுக்கலாமா என்று பார்ப்பதே எங்கள் வேலை. அதற்காக மலை முழுவதும் பதினான்கு இடங்களில் கல் நட்டு, ஒரு கல்லிலிருந்து மற்றக் கற்களைக் கருவியால் பார்த்து, கோணங்களை அளந்தோம். அந்தக் கோணங்கள் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பொருத்தி ஒவ்வொரு கல்லும் எங்கே நிற்கிறது என்று காண்பது பெருங்கணக்கு. கையால் செய்தால் ஆறு மாதம். அதனால்தான் கம்ப்யூட்டர்.

இரண்டு கம்பைலர்கள்

அக்காலத்தில் கம்ப்யூட்டர் என்பது ஊருக்கு ஒன்றுகூட இல்லாத பொருள். பெருநகரத்துக் கல்வி நிலையம் ஒன்றில் அது ஓர் அறையை அடைத்துக்கொண்டிருந்தது. வெளியே வெயில் கொளுத்தும். உள்ளே போனால் குளிர் காதுமடலைத் தொடும். எண்ணெயும் சூடேறிய உலோகமும் கலந்த ஒரு வாடை. அட்டைகளில் துளையிட்டுக் கொடுத்தால் அது படித்துக் கணக்கிடும்.

நாம் ஃபார்ட்ரான் மொழியில் எழுதுவது எந்திரத்துக்கு நேரடியாகப் புரியாது. இடையில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வேண்டும். அவர்தான் கம்பைலர். அந்த அறையில் இரண்டு கம்பைலர்கள் இருந்தன. ஒன்று புதியது. இன்று ஆபரேட்டிங் சிஸ்டம் என்கிறார்களே, அதற்கு அன்று மானிட்டர் என்று பெயர். அந்த மானிட்டரின் கீழ், எந்திரத்தின் டிஸ்க் தட்டிலேயே இந்தப் புதிய கம்பைலர் குடியிருந்தது. அட்டையை வைத்துவிட்டு வந்தால் போதும். பத்துப் பேர் வேலையை வரிசையாக எடுத்து, ஆள் கை படாமல், அரை மணிக்குள் முடித்துத் தள்ளும். ஆனால் எந்த எண்ணையும் எட்டு இலக்கத்துக்கு மேல் நினைவில் வைத்துக்கொள்ளாது. ஒன்பதாவது இலக்கத்தை உதறிவிடும்.

மற்றொன்று பழையது. மானிட்டரின் ஆளுகைக்கு வெளியே நின்றது. ஒவ்வொரு முறையும் கையால் ஏற்ற வேண்டும். அட்டைக் கட்டை மூன்று தடவை ஓட்ட வேண்டும். ஒரு நாள் முழுவதையும் விழுங்கும். ஆனால் முதல் அட்டையில் நாம் எத்தனை இலக்கம் கேட்கிறோமோ அத்தனை இலக்கம் தரும். பதினாறு கேட்டால் பதினாறு.

எங்கள் கற்களின் இருப்பிடம் துறை விதிப்படி வெகுதொலைவிலுள்ள ஒரு மூலப்புள்ளியிலிருந்து அடிக்கணக்கில் எழுதப்பட்டது. ஒவ்வோர் எண்ணும் இருபது லட்சத்துக்கு மேல். பக்கத்துப் பக்கத்துக் கற்களின் எண்கள் கிட்டத்தட்ட ஒன்றேபோல் இருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் முன்னால் உள்ள இலக்கங்கள் எல்லாம் அடிபட்டுப்போய், பின்னால் உள்ள ஒன்றிரண்டுதான் மிஞ்சும். அந்தப் பின்னால் உள்ளவற்றைத்தான் புதிய கம்பைலர் உதறிக்கொண்டிருந்தது. ஒரு படி மிளகை நிறுக்க, மிளகோடு லாரியை எடை மேடையில் ஏற்றி, பிறகு வெறும் லாரியை ஏற்றி, இரண்டையும் கழித்துப் பார்ப்பதற்கு ஒப்பானது இது. லாரியின் எடையில் வரும் சிறு பிசகு மிளகின் எடையைவிடப் பெரிது.

இதையெல்லாம் விளக்கி, பழைய கம்பைலரே தகும் என்று மூன்று பக்கக் குறிப்பு எழுதி மேலதிகாரிக்கு வைத்தேன். ஓரத்தில் அவர் பென்சிலால் எழுதிய பதில் இரண்டே சொல்: "வேகமானதே போதும்." அறிக்கையின் தலைப்பில் கம்ப்யூட்டர் என்ற சொல் இருக்க வேண்டும், அது மாத முடிவுக்குள் மேலிடத்துக்குப் போக வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவே.

எட்டு இலக்கக் கணக்கு ஓடியது. அச்சுத்தாள் வந்தது. நட்ட அன்று குறித்துவைத்த இடத்திலிருந்து ஆறாம் கல் மூன்றடி தள்ளி நிற்பதாக அது சொன்னது. அதன் அடியில் மூன்று கையெழுத்துகள் இடப்பட்டன. அவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மஞ்சள் பூசிய கல்

கல் நகர்ந்ததற்கு எங்கள் மேலதிகாரி கண்ட சான்றுகள் இரண்டு. ஒன்று அச்சுத்தாள். மற்றொன்று மஞ்சள்.

நாங்கள் கல்லை நட்டுவிட்டு வந்த சில நாட்களில், வெள்ளையனின் மனைவி பாப்பாயி அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஒரு கைப்பிடி சாமையும் முன்னால் வைத்திருந்தார். அந்த மலையில் எவரேனும் ஒரு கல்லைத் தூக்கி நிறுத்தி, அதன் தலையில் குறி வெட்டி, சுற்றிலும் மண்ணை மெத்திவிட்டால், அதைப் பொட்டில்லாமல் விட்டுவைக்க மாட்டார்கள். கல்லுக்குள் என்ன இருக்கிறது என்று அவர்கள் கேட்பதில்லை. நிறுத்தப்பட்டிருக்கிறது, அது போதும்.

"கையே வெக்கலேன்னா மஞ்சள் எப்படி வந்துது?" என்றார் மேலதிகாரி.

"மொட்டையா நிக்குதேன்னு பொம்பளைங்க வெச்சதுங்க. மஞ்ச வெச்ச கல்ல எவனுங்க தொடுவான்?"

அறிவுள்ள எவரும் அந்தப் பதிலோடு விசாரணையை முடித்திருப்பார்கள். மஞ்சள் பூசிய பின் அந்தக் கல்லைக் கடப்பாரை போட்டுப் பெயர்க்க அந்த நாட்டில் ஒரு கை துணியாது. பதினான்கு கற்களிலும் பத்திரமான கல் அது ஒன்றுதான். எங்கள் அலுவலகமோ அந்தப் பத்திரத்தையே திருட்டுக்குச் சான்றாக எழுதிக்கொண்டது. தன் சாமைக் காட்டைத் திட்டத்திலிருந்து காப்பாற்றிக்கொள்ள நகர்த்தினார் என்று காரணமும் கற்பித்தது.

போலீஸ் வெள்ளையனுக்குப் பெரிய பயமில்லை. எல்லைக் கல்லைத் தொட்டவன் என்று பேர் வாங்கியவன் ஊர்க்கூட்டத்தில் உட்காரக் கூடாது என்பது அவர்கள் கட்டுப்பாடு. தந்தையும் அவருடைய தந்தையும் உட்கார்ந்த இடம். அந்தச் செய்தி ஊருக்குள் பரவிய அன்றே அவர் தாமாகக் கூட்டத்திலிருந்து எழுந்து வெளியே நின்றுகொண்டார். கெடு முடியும் வரை அவருடைய இடம் காலியாக இருக்கட்டும் என்று ஊர் சொன்னது.

கைக்கணக்குக்கு மதிப்பில்லை

மறுபடியும் அளந்து பார்த்துவிடலாமே என்று வாசகர் கேட்பார். நானும் அதைத்தான் முதலில் எண்ணினேன். ஆனால் மூடுபனி வாரக்கணக்காக விலகவில்லை. ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேடு தெரிந்தால்தானே கோணம் அளப்பது? பத்தடிக்கு அப்பால் நிற்கும் மாடு தெரியவில்லை. அதன் கழுத்து மணிதான் கேட்டது.

ஆகவே கைப்பிடி எந்திரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆறாம் கல்லைத் தொடும் முக்கோணங்கள் இரண்டை மட்டும் பத்து இலக்கத்தில் போட்டேன். இரண்டு பகல் பிடித்தது. கல் நட்ட இடத்திலேயே இருந்தது. தாளைக் கொண்டுபோய் மேலதிகாரியின்முன் வைத்தேன்.

அவர் அதைத் தொடவில்லை. "கையால போட்ட கணக்கு தப்பலாம் சார். மனுஷன் தூங்கி விழுவான். மெஷின் தூங்காது."

பத்து ஆண்டில் ஒரு கணக்கும் திரும்பி வராத ஒருவனிடம் சொல்லப்பட்ட வார்த்தை அது. அந்த எந்திரத்துக்கு எட்டு இலக்கத்துக்கு மேல் காது கேட்காது என்று மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தவனிடம். சரி, எந்திரத்தின் வாயாலேயே சொல்ல வைக்கிறேன் என்று மூன்று நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன்.

பெட்டி இறங்கியது

துளையிட்ட அட்டைக் கட்டின் நகல் ஒன்று முகாமில் இருந்தது. மலைப்பனியில் அட்டை ஊறி உப்பிவிடும். உப்பினால் எந்திரம் வாங்காது. பனி தொடங்கிய முதல் வாரமே, நான் அட்டைகளை வெயிலைத் தேடித் தேடிக் காயவைப்பதைப் பார்த்த பாப்பாயி, "அதய எங்கூட்டுப் பரண்ல வெய்யுங்க சார். வெதையவே நமுக்காம வெக்கறமே, இந்த அட்டைய வெக்க மாட்டமா?" என்று பெட்டியை வாங்கிப் போயிருந்தார். அடுப்புக்கு நேர் மேலே, விதைச் சாமைக்குப் பக்கத்தில், அது ஒரு மாதமாக இருந்தது. வெள்ளையனைக் குற்றவாளியாக்கிய எண்கள் அவருடைய வீட்டுப் புகையிலேயே பத்திரமாக உலர்ந்துகொண்டிருந்தன.

பெட்டியைச் சுமந்து அடிவாரத்துப் பேளுக்குறிச்சி வரை இறங்க ஆள் தேவைப்பட்டது. வெள்ளையனே வந்தார். நான் வேண்டாமென்றேன். "என்ற வழக்கு, நான் தூக்கறேனுங்க" என்று துண்டைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டார்.

பாதி இறக்கத்தில், "கனமா இருக்கா?" என்று கேட்டேன்.

"கல்லுக்கு இது தேவலைங்க. நாந்தான் கல்லுத் தூக்கறவனாச்சே."

சிறிது தூரம் நடந்தோம். பிறகு அவரே கேட்டார். "இதுக்குள்ளாற என்னங்க இருக்குது?"

"நம்பர்தான். ஓட்டை ஓட்டையா போட்டு வெச்சிருக்கோம்."

"ஓட்டைலயா என்ற கல்லு நகந்துச்சு?"

மூலப்புள்ளியைப் பற்றி எளிமையாகச் சொல்ல முயன்றேன். எங்கோ தொலைவில் ஓர் இடம், அங்கிருந்து இருபது லட்சம் அடிக்கு மேல், அதிலிருந்து கழித்துக் கழித்து இங்கே வருகிறோம் என்றேன்.

அவர் நின்றுவிட்டார். பெட்டியை ஒரு கையால் பிடித்தபடி திரும்பினார். "ஏனுங்க, என்ற ஊட்டு வாசலுக்கும் பின்னாடி இருக்கற பொடக்காளிக்கும் எத்தன அடின்னு கேட்டா, மெட்ராசுல இருந்தா அளந்துக்கிட்டு வருவீங்க?"

"அது விதி."

"யாரு வெச்ச விதிங்க?"

"சர்க்கார்."

"அப்பச் சரிங்க" என்று நடக்கத் தொடங்கினார்.

அந்தக் கேள்வி என்னை அடிவாரம் வரை தொடர்ந்து வந்தது. மூலப்புள்ளியை மலையிலேயே ஓரிடத்தில் வைத்துக் கணக்கை முடித்து, கடைசியில் விதிப்படி இடம் மாற்றி எழுதியிருக்கலாம். எண்கள் சிறுத்திருக்கும். எட்டு இலக்கமே தாராளமாகப் போதியிருக்கும். வேகமான கம்பைலரே சரியான விடையைத் தந்திருக்கும். ஆனர்ஸ் படித்தவனுக்கு அது தோன்றவில்லை. இதை நான் இதற்குமுன் எவரிடமும் சொன்னதில்லை.

பேளுக்குறிச்சியில் அன்று சந்தை. புளியும் கடுகும் மிளகும் குவிந்து கிடந்தன. மிளகு வாங்கும் வியாபாரி ஒருவர் வெள்ளையனை அடையாளம் கண்டு உரக்கக் கூப்பிட்டார். "என்ன பெரியதனம், இன்னைக்குப் பொட்டி தூக்கறீங்க. மலைல கல்லு தீந்துபோச்சுங்களா?"

பக்கத்துக் கடைகளில் சிரித்தார்கள்.  வெள்ளையன் பெட்டியை பஸ்ஸின் மேற்கூரையில் ஏற்ற விடாமல் என் மடிக்குப் பக்கத்தில் வைத்தார். தலைச் சுமட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ஓர் அச்சுத்தாளின் ஒற்றை வரி, அதைப் பெற்ற அலுவலகத்தைவிட வேகமாக மலையிறங்கி வந்திருந்தது.

புகை வாசம்

கம்ப்யூட்டர் அறையின் பொறுப்பாளர் ரங்கநாதன் என்னைவிட இளையவர். அட்டைகளை விசிறிப் பார்த்து மூக்கருகே கொண்டுபோனார்.

"என்ன சார், கார்டுக்குப் பூஜை போட்டீங்களா? புகை வாசனை வருது."

"அடுப்புப் புகை. அடுப்புக்கு மேலே பரண்ல இருந்தது."

"நல்ல ஐடியா. போன வாரம் ஒருத்தர் கடலோரத்திலேருந்து கொண்டுவந்தார். பொரிக்காத அப்பளம் மாதிரி இருந்தது. மானிட்டர்லதானே? இருபது நிமிஷம்."

"இல்லை. பழைய கம்பைலர். பதினாறு இலக்கம்."

அவர் அட்டையைக் கீழே வைத்தார். "ஒரு நாள் பூரா மெஷின் உங்களுக்கே வேணும். வரிசையில இருபது பேர் இருக்காங்க. யாராவது கேட்டா என்ன காரணம் எழுதறது?"

"கணக்கு தப்பா வந்ததால ஒரு மனுஷனைத் திருடன்னு சொல்லியிருக்காங்கன்னு எழுதுங்க."

"அதுக்கு ஃபாரத்துல இடமில்லையே சார்" என்றார். சிறிது நேரம் மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. காலையில ஆறு மணிக்கு வாங்க. மெஷின் சுத்தம் பண்ற நாள்னு போர்டு மாட்டிடறேன்."

அந்த ஞாயிறு முழுவதும் நாங்கள் இருவரும் அட்டைகளை எடுத்து எடுத்து வைத்தோம். முதல் அட்டையில் பதினாறு என்று துளையிட்டது நான். மதியம் ஒரு முறை எந்திரம் நின்றுவிட்டது. ஓர் அட்டையில் சாமைத் தவிடு ஒட்டியிருந்தது. ரங்கநாதன் அதை ஊதிவிட்டு மறுபடி வைத்தார். பொழுது சாய்கிற நேரத்தில் அச்செந்திரம் தட்டத் தொடங்கியது. ஆறாம் எண் கல்லின் வரி வந்ததும் குனிந்து அங்கேயே படித்தேன்.

மூன்றடி வேறுபாடு ஓர் அங்குலத்துக்கும் கீழே போயிருந்தது. கல் நட்ட இடத்தில் நின்றது. அதே எந்திரம், அதே அட்டைகள். கம்பைலர் மட்டும் வேறு.

மூன்று கையெழுத்துகள்

கெடுவின் எட்டாம் நாள் முகாமுக்குத் திரும்பினேன். மேலதிகாரி புதிய தாளை முழுவதும் படித்தார். அவர் மூடர் அல்லர். அதுதான் என்னால் இன்றும் பொறுக்க முடியாதது.

"சரி. போலீசுக்கு அனுப்பல. விட்டுடுங்க."

"விட்டால் போதாது சார். கல் நகரவில்லை என்று கோப்பில் எழுத வேண்டும்."

"சாட்சியை அந்த ஆள் வீட்டுப் பரண்லயே வெச்சிருந்தீங்களாமே. அதையும் எழுதட்டுமா?"

"எழுதுங்கள். எழுத வேண்டியது எல்லாவற்றையும் எழுதுங்கள்."

அவர் பழைய அச்சுத்தாளைக் கோப்பிலிருந்து உருவி என்முன் வைத்தார். அடியில் மூன்று கையெழுத்துகள். தயாரித்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர். நடுவில் இருந்த கையெழுத்தின்மேல் விரலை வைத்தார்.

"உங்க மூணு பக்கக் குறிப்பு கோப்புல இருக்கு. எட்டு இலக்கம் போதாதுன்னு எழுதியிருக்கீங்க. அதுக்கு ரெண்டு வாரம் கழிச்சு, அந்த எட்டு இலக்கக் கணக்குலயே 'சரிபார்க்கப்பட்டது'ன்னு கையெழுத்தும் போட்டிருக்கீங்க. தெரிஞ்சு போட்டீங்களா, தெரியாம போட்டீங்களா? எதுன்னு சொல்லுங்க, எழுதறேன்."

அந்தக் கையெழுத்தை நான் இட்ட அன்று அறிக்கையை எடுத்துப்போக ஜீப் வாசலில் நின்றது. பேனாவை அவரே திறந்து நீட்டினார். என் எதிர்ப்பு எழுத்தில் இருக்கிறது, அது என்னைக் காக்கும் என்று நினைத்து வாங்கினேன். என்னை மட்டுமே நினைத்தேன். அந்தத் தாள் மற்றொருவர் தலையில் விழக்கூடும் என்ற எண்ணம் அப்போது எனக்கு வரவில்லை.

எனக்குப் பதவி உயர்வு நெருங்கியிருந்த ஆண்டு அது. நான் பதில் சொல்லவில்லை. கோப்பில் "மேல் நடவடிக்கை தேவையில்லை" என்று எழுதப்பட்டது. கல் நகர்த்தப்பட்டது என்ற பழைய வரி அப்படியே இருந்தது.

காலி இடம்

மறுநாள் ஊர்க்கூட்டத்துக்கு நானே போனேன். கூட்டம் கூடியிருந்த பலாமரத்தடியில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, கல் நகரவில்லை, கணக்குத்தான் பிசகு என்று சொன்னேன். யார் கணக்கு என்று எவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

"உக்காரு பெரியதனம்" என்றது கூட்டம்.

வெள்ளையன் உடனே உட்காரவில்லை. என்னிடம் வந்தார். "ஏனுங்க சார், இத அந்தக் கோப்புல எழுதிப்போட்டீங்களா?"

"எழுதுகிறேன்" என்றேன்.

"எழுதிப்போடுங்க. நாங்க சொன்னா எங்களோட போயிருமுங்க. எழுதுனாத்தான் நிக்கும்." பிறகு போய்த் தம் இடத்தில் உட்கார்ந்தார்.

அந்தத் திட்டம் பின்னால் கைவிடப்பட்டது. அதற்குக் காரணம் பணமே அன்றிக் கல் அன்று. நான் உயர்ந்த பதவியில் ஓய்வு பெற்றேன். வழியனுப்பு விழாவில் என் கணக்கு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று பேசினார்கள். நான் மறுக்கவில்லை.

மலர் வந்த நாலாம் நாள் ஓர் அஞ்சலட்டையும் வந்தது. வெள்ளையனின் மகன் எழுதியது. அவர் இப்போது மலைப் பள்ளி ஒன்றில் ஆசிரியராம். மலரின் ஒரு பிரதி பள்ளிக்கு வந்திருக்கிறது. வாழ்த்தும் வணக்கமும் இல்லாமல் ஒரே வரி: "அப்பா போய்ச் சேரும்வரை நீங்கள் எழுதிவிட்டீர்கள் என்றே சொல்லிக்கொண்டிருந்தார், எழுதியது இதுதானா?"

மலர் எழுதியவர்மீது எனக்கிருந்த கோபத்தில் பாதியை அந்த அஞ்சலட்டை பறித்துக்கொண்டது. மீதிப் பாதி இருக்கிறது. அவர் கேட்டிருக்க வேண்டும். மேலதிகாரி எழுதியிருக்க வேண்டும். ஆனால் கோப்பில் இல்லாததை எவரும் படிக்க முடியாது. அது அங்கே இல்லாததற்குக் காரணம் அவர்கள் அல்லர்.

அச்சில் ஏறியதை அச்சில்தான் திருத்த வேண்டும். ஆகவே என் முழுப் பொறுப்பில் எழுதுகிறேன். பைல் நாட்டில் வெள்ளையனின் சாமைக் காட்டோரம் நின்ற ஆறாம் எண் கல்லை எவரும் நகர்த்தவில்லை. அது நகர்ந்ததாகச் சொன்ன தாளில், 'சரிபார்க்கப்பட்டது' என்ற சொல்லுக்கு நேரே உள்ள கையெழுத்து என்னுடையது. அந்தக் கம்பைலருக்கு எட்டு இலக்கம் மட்டுமே தெரியும் என்று தெரிந்தே இட்டேன்.